வீட்டுத் தேவைக்கான கைவேலை (பெரம்பலூர் – அரியலூர் வட்டாரம்)

வீட்டுத் தேவைக்கான கைவேலை என்பது, விற்பதற்காக அல்லாமல் தம் குடும்பம் பயன்படுத்துவதற்காகவே பொருள்களைச் செய்துகொள்ளும் வழக்கம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் கூரை, அடுப்பு, கயிறு, துடைப்பம், படல், வெங்காயப் பட்டறை முதலியவை இவ்வாறு செய்யப்பட்டு வந்துள்ளன. கையில் பணமில்லாதது இதற்கு ஒரு காரணம் மட்டுமே. பணம் வரும் பருவம், வேலை ஓயும் பருவம், வயலில் மிஞ்சும் பொருள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியதாலேயே இவ்வழக்கம் நிலைத்தது.

பின்புலம்

இவ்விரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். இரண்டிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஊர்ப்புறத்தினர்.

வேளாண்மையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி. கரிசல் மண்ணில் பருத்தியும் மக்காச்சோளமும், பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரியும், கொள்ளிடக் கரையில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. மானாவாரிக் குடும்பத்துக்கு விளைச்சல் விற்கும்போது பணம் வரும். கோடையில் பணமும் இராது, வயலில் வேலையும் இராது.

செய்பொருள்கள்

பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கும் பருத்திமார் அடுப்புக்கு விறகாகும். கட்டி நிறுத்தினால் படலாகும். வைக்கோலைப் பிரியாகத் திரிப்பர். கற்றாழை நாரைக் கயிறாக்குவர். தென்னை மட்டை கீற்றாகவும் அதன் ஈர்க்கு துடைப்பமாகவும், பனையோலை பெட்டியாகவும் பாயாகவும் மாறும். சாணம் வரட்டியாகும். மண்ணும் வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, பெண்கள் கொடியடுப்போடு கூடிய அடுப்பு போடுவர்.

இவ்வட்டாரத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சின்ன வெங்காயப் பட்டறை. தாளோடு உலர்த்திய வெங்காயத்தை விலை ஏறும்வரையும், அடுத்த நடவுக்கு விதையாகவும் இதில் காப்பர். ஈரம் ஏறாதபடி கல்லின் மேல் மரம் பரப்பித் தரையிலிருந்து உயர்த்தி, காற்று ஊடுருவுமாறு அகலம் குறைத்து நீளமாகக் கட்டி, பக்கங்களில் படலும் மேலே கீற்றோ கரும்புச் சோகையோ வைப்பர்.

காரணங்கள்

முதலாவது, உழைப்பின் விலை. ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானோவ், கூலியாள் வைக்காத உழவர் குடும்பம் தன் உழைப்பை முதலாளி போலக் கூலிக் கணக்கில் பார்ப்பதில்லை என 1920களில் விளக்கினார். கோடையில் வெளி வேலை கிடைக்காதவர் கயிறு திரிக்கும் ஒரு பகலுக்கு இழக்கும் கூலி எதுவும் இல்லை. கடைக் கயிற்றுக்கோ ரொக்கம் வேண்டும்.

இரண்டாவது, பொருத்தம். பட்டறையின் நீளம் அவ்வாண்டு விளைச்சலைப் பொறுத்தது; அது நிற்கும் திசை காற்றைப் பொறுத்தது. மூன்றாவது, பழுது பார்த்தல். தான் முடைந்த படல் எங்கே அறுந்தாலும் கட்டத் தெரியும். நான்காவது, கைமாற்று உழைப்பு. ஒரு வீட்டுக்குக் கூரை வேயப் பக்கத்து வீட்டார் வந்தால், அவர்கள் வீட்டு வேலைக்கு இவர்கள் போவர்.

எல்லைகள்

எல்லாவற்றையும் எல்லாரும் செய்துகொள்ளவில்லை. கலப்பைக்குத் தச்சர், கொழுவுக்குக் கொல்லர், பானைக்குக் குயவர் எனச் சாதிவழித் தொழில்கள் பிரிந்திருந்தன. அவர்களுக்குக் களத்திலேயே தானியம் அளக்கும் வழக்கமும் இருந்தது. தனித் தொழிலாக ஒதுக்கப்படாத வேலைகளே பெரும்பாலும் வீட்டோடு நின்றன. சந்தைக்கான கைவினை இதிலிருந்து வேறானது: 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் விற்பதற்கென்றே செதுக்கப்படுபவை.

கணக்கீடு

பன்னாட்டுத் தேசியக் கணக்கு முறையில், வீட்டுக்கென்று செய்த பொருள் உற்பத்தியாகக் கொள்ளப்படுகிறது; வீட்டாருக்குச் சமைப்பது கொள்ளப்படுவதில்லை. ஆகவே அடுப்பு போடுவது கணக்கில் வரும், அதில் சோறு பொங்குவது வராது. பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு 2013இல் இவ்விரண்டையுமே தன் பயன்பாட்டுக்கான உழைப்பு என ஏற்றது. இந்தியா 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்விலும் சொந்தத் தேவைக்கான பொருள் உற்பத்தி தனிப் பிரிவாக இடம்பெற்றது.

மாற்றங்கள்

அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்திருக்க, மேலே மண்சுவர் வீடுகளே மிகுந்திருந்தன. 1979இல் அங்கு அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பின்னர் தனியார் ஆலைகளும் பெருகின. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் அரசுத் திட்டம் 2010இல் தொடங்கியபின் கூரை வேய்வது குறைந்தது. 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மிக்சியும் கிரைண்டரும், பிறகு பரவிய எரிவாயு அடுப்பும் சமையற்கட்டை மாற்றின. இயந்திர அறுவடையில் நொறுங்கும் வைக்கோல் பிரி திரிக்க உதவுவதில்லை. இதனால், கடையில் வாங்கும் வசதி வராத வீட்டிலும் சில கைவேலைகள் நின்றுபோயின.

பட்டறை நிற்கவில்லை. கீற்றின் இடத்தில் தார்ப்பாயும், படலின் இடத்தில் கம்பி வலையும் வந்துள்ளன. ஆனால் அளவும் காற்றும் பார்த்து அதைக் கட்டுவது, வெங்காயம் விளைவித்த குடும்பமே.