குதிரையை விட்டு இறங்கியவர்



1789 ஜூலை 14, பாரிசில் பாஸ்டில் சிறை வீழ்ந்த நாள். பள்ளிப் பருவத்தில் இதனை நானும் மனனம் செய்தேன். ஆர்தர் யங்கின் பயணக் குறிப்புகளைப் படித்த பின்னரே அந்நாளின் பொருள் எனக்கு விளங்கியது.

யங் ஓர் ஆங்கிலேய வேளாண் அறிஞர். பிரான்சின் மண்ணையும் பயிரையும் ஆராய 1787 முதல் மும்முறை பயணம் மேற்கொண்டார். 1788-இல் தன்னந்தனியாகக் குதிரையேறி நாட்டுப்புறங்களைக் கண்டார்.

1789 ஜூலை 12. வடகிழக்குப் பிரான்சில் நீண்டதொரு மேடு. குதிரையின் களைப்பைக் குறைக்க யங் கீழே நடந்து சென்றார். ஏழைப் பெண்மணி ஒருவர் உடன் நடந்தவாறே தம் குறையைச் சொன்னார். ஏழு பிள்ளைகள், ஒரு துண்டு நிலம், ஒரு பசு, ஒரு நோஞ்சான் குதிரை. இதிலிருந்தே பிரபுக்கள் இருவருக்குத் தானியமும் கோழியும் அளக்க வேண்டும். அரசுக்கு வரியும் கட்ட வேண்டும்.

கூனிய உடல், சுருங்கிய முகம். கண்டோர் அறுபது, எழுபது வயது என்பர். அவர் வயதோ 28!

இரண்டே நாளில் பாஸ்டில் வீழ்ந்தது. 1792-இல் வெளிவந்த யங்கின் நூலில் அப்பெண்மணியின் பெயர் இல்லை, குரல் இருக்கிறது.

பெற்றோரே, விடுமுறைப் பயணத்தில் ஓரிடத்திலேனும் வண்டியை நிறுத்துங்கள். அவ்வூர்ப் பெரியவர் ஒருவருடன் பிள்ளைகளைப் பேசச் செய்யுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.