பொற்றாளமும் வெண்கலச் சேகண்டியும்

பொருள்கள் தத்தம் இயல்பு மாறி நின்ற அற்புதங்கள் இரண்டு, நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை ஒட்டியே நிகழ்ந்தனவாகப் பெரியோர் போற்றுவர். கல்லின் இயல்பு நீரில் ஆழ்வது. அக்கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற திருநாவுக்கரசர், அதனையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தார். அவர் கரையேறிய இடம் கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் வழங்குகிறது. இவ்வரலாற்றை அறியாத சைவர் இலர்.

மற்றோர் அற்புதம் கொள்ளிடத்துக்குத் தென்பால், சீகாழிக்கு அணித்தேயுள்ள திருக்கோலக்காவில் நிகழ்ந்தது. கையால் ஒத்தறுத்துப் பாடிய குழந்தை ஞானசம்பந்தரின் கைத்தலம் கன்றுவது கண்டு இறைவன் பொற்றாளம் அருளினான் என்பதைச் சேக்கிழார் பெருமான் பாடினார். தல வரலாறோ அதன்மேலும் ஒரு நுட்பத்தைச் சொல்கிறது. இறைவன் தந்த தாளம் பொன்னாலாகியது, பொன்னுக்கு ஓசையில்லை, ஆகவே அம்பிகை அதற்கு ஓசையைத் தந்தருளினாள். அதனால் அத்தலத்து அன்னைக்கு 'ஓசை கொடுத்த நாயகி' என்றே திருப்பெயர் அமைந்தது.

இப்பெயரைச் சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தல வரலாற்றைச் சொல்லிவைத்தவர்கள் உலோகங்களின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். விலையால் உயர்ந்த பொன், ஒலியில் ஊமை. அது மென்மையானது, தட்டினால் எழும் அதிர்வைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும். பொன்னைத் தாளமாக வார்த்துத் தட்டினால் 'தட்' என்ற ஓசைக்கு மேல் எழாது. கல் மிதப்பதற்கு எத்துணை அருள் வேண்டுமோ, பொன் ஒலிப்பதற்கும் அத்துணை அருள் வேண்டும்.

அவ்வாறாயின், இயல்பாகவே ஒலிக்கும் பொருள் எது? வெண்கலம். 'வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல' என்று நம் மக்கள் பேசுவது வீண் பேச்சன்று. பொற்கடையில் யானை புகுந்தால் அவ்வளவு ஆரவாரம் இராது. மணிக்கும் சேகண்டிக்கும் உரிய வெண்கலம், நூறு பங்கில் ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்தது. செம்பும் மென்மையானது, வெள்ளீயம் அதனினும் மென்மையானது. இரண்டும் இவ்வளவிற் கூடியவுடன் விறைப்பும் கடினமும் உடையதாய், ஒருமுறை தட்டினால் நெடுநேரம் அதிர்வதாய் ஒரு மூன்றாம் பொருள் பிறக்கிறது. காரீயம் கலந்தால் ஓசை மழுங்கும். துத்தநாகம் கலந்தால் அது பித்தளை. அதன் ஓசையும் நெடிது நில்லாது.

இந்தக் கலப்பை நம் நாட்டார் அண்மையிற் கற்றவரல்லர். தாமிரவருணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் கிடைத்த பழங்கலங்களுள், நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு வெள்ளீயம் கொண்டவை இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். இவ்வளவு வெள்ளீயம் கொண்ட வெண்கலத்தைக் குளிர்ந்த நிலையில் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். செந்தழலாய்ப் பழுத்த நிலையில் அடித்து, உடனே நீரில் தோய்த்தால் உரம் பெறும். உலையருகே நின்ற கன்னார் இதனைப் பட்டறிவால் தெரிந்துகொண்டிருந்தனர். சோழர் காலத்துத் திருமேனிகளின் செம்பிலோ வெள்ளீயம் பெரும்பாலும் ஏழெட்டுப் பங்குக்கு மேற்செல்வதில்லை, காரீயமும் சேர்ந்திருக்கும். திருமேனிக்கு வேண்டியது நுண்ணிய வார்ப்பு; சேகண்டிக்கு வேண்டியது ஓசை. ஒரே உலையில் இருவேறு அறிவு.

சேமக்கலம் எனவும் சேகண்டி எனவும் நாம் வழங்கும் வட்டத் தகட்டைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'சேகண்டிகை' என்று குறிக்கின்றன. ஸ்ரீபலி கொட்டுதற்குரிய இசைக்கருவிகளின் வரிசையில் மத்தளம், கரடிகை, தாளம், காளம், சங்கு, கைமணி என்பவற்றோடு அதுவும் இடம்பெறும். கருவியைக் கொடுத்ததோடு மன்னர்கள் நின்றுவிடவில்லை. கொட்டுவோராகிய உவச்சர்க்கு 'உவச்சக்காணி' என நிலமும் விட்டனர். தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்க 48 பிடாரரை அமர்த்தியபோது, உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் உடன்சேர்த்து ஐம்பதின்மராக்கினான். ஓசைக்குப் பின்னே ஒரு கையும், கைக்குப் பின்னே ஒரு குடும்பமும் உண்டென்பதை அக்கல்வெட்டு மறக்கவில்லை.

இனி, சேகண்டியின் ஓசை எவ்வாறு அமைகிறது எனப் பார்ப்போம். கணக்கென்று அஞ்ச வேண்டா. மணி உபயம் செய்யும் அன்பர்க்கு இது பெரிதும் பயன்படும். தட்டையான வட்டத் தகட்டின் அதிர்வெண், அதன் பருமனைப் பொறுத்து ஏறும். விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப இறங்கும். பருமனை இரட்டித்தால் அதிர்வெண் இரட்டித்துச் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். பருமன் மாறாமல் விட்டத்தை இரட்டித்தால் அதிர்வெண் நான்கில் ஒன்றாகி இரண்டு ஸ்தாயி கீழே இறங்கும். ஓரடி விட்டமும் கால் அங்குலப் பருமனும் உள்ள வெண்கலச் சேகண்டியின் அடிநிலை அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 230 அல்லது 240 என்று கணக்கு வரும்.

'சென்ற ஆண்டு மணியினும் இருமடங்கு நிறையுள்ளதாகச் செய்துவிடுவோம், கம்பீரமாக ஒலிக்கும்' என்று விழாக்குழுவில் பேசுவதுண்டு. வடிவம் மாறாமல் நிறையை மட்டும் இரட்டித்தால், சுரம் காந்தாரத்திலிருந்து சட்சமம் வரையிலான தொலைவுதான் இறங்கும். ஒரு முழு ஸ்தாயி இறங்க வேண்டுமாயின் எண்மடங்கு நிறை வேண்டும்! செலவும் எண்மடங்கு. பெருமணிகள் அரியனவாய் இருப்பதற்கு இதுவே காரணம்.

சேகண்டியிலிருந்து எழுவது ஒரே சுரமும் அன்று. அடிநிலை அதிர்வை ஒன்று என வைத்தால், அடுத்தது ஏறத்தாழ 1.73, அதற்கடுத்தது 2.33 என முழு எண்ணாகாத அளவுகளில் மேலோசைகள் அடுக்கடுக்காக எழும். ஜெர்மனி நாட்டு அறிஞர் கிளாட்னி 1787-இல் வெளியிட்ட நூலில், தகட்டின்மேல் மணலைத் தூவி விளிம்பை வில்லால் இழுத்து, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கிக் கோலமிடுவதைக் காட்டினார். ஒவ்வொரு மேலோசைக்கும் ஒவ்வொரு கோலம். மிருதங்கமோ இதற்கு மாறானது. அதன் வலந்தலையிலுள்ள கருஞ்சோறு, மேலோசைகளை முழு எண் அளவில் ஒழுங்குபடுத்திச் சுருதியோடு இசையச் செய்கிறது என்பதைத் திருவானைக்காவிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-இல் எடுத்துக்காட்டினார். ஆகவே மிருதங்கம் பாட்டோடு செல்லும். சேகண்டி பாட்டோடு செல்லாது. அது சுருதிக் கருவி அன்று. காலத்தை அறிவிக்கும் கருவி. நாழிகை வட்டில் நிறையுந்தோறும் அறைந்து பொழுதறிவித்ததும், சங்கோடு சேர்ந்து பூசைவேளையை உணர்த்துவதும், இறுதி ஊர்வலத்தில் முன்செல்வதும் இந்த இயல்பினாலேயே. சுரம் உறுதிப்படாத அந்தக் கலவை ஓசை மற்ற ஒலிகளைக் கிழித்துக்கொண்டு தனியே கேட்கும்.

பண்டைத் தமிழ்ச் சுரங்களின் அலகுகளைக் கணக்கிட்டு 1947-இல் யாழ்நூல் வெளியிட்ட விபுலானந்த அடிகள், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். யாழுக்கு வாய்த்ததுபோல் நம் கோயில் மணிகளுக்கு ஒரு நூல் வாய்க்கவில்லையே என்பது என் குறை.

தட்டிய பின்னர் ஓசை 'விம் விம்' என்று அலையலையாய் விம்முவதையும் கேட்டிருப்பீர்கள். வார்ப்பில் ஒருபுறம் சற்றே பருமனாகவும் மறுபுறம் மெலிதாகவும் அமைந்தால், மிக நெருங்கிய இரண்டு அதிர்வுகள் ஒருங்கே எழும். ஒன்று 230, மற்றொன்று 232 ஆயின் நொடிக்கு இரண்டு விம்மல். இயந்திரத்தில் கடைந்து முற்றும் சமமாக்கிய தகட்டில் இந்த விம்மல் குறையும். கையால் அடித்ததில் அது தானே வரும். அளவோடு இருப்பின் அதுவே அழகு.

சுரத்தைத் திருத்தும் முறையும் எளியதே. நடுப்பகுதியைச் சுரண்டி மெலிவித்தால் சுரம் இறங்கும். விளிம்பைச் சுற்றிலும் அராவி விட்டத்தைக் குறைத்தால் ஏறும். விளிம்பில் சிறிது மெழுகு ஒட்டினாலே ஓசை தாழ்வதைத் தாளக்காரர் அறிவர். மணிக்கும் உயிர் விளிம்பிலேதான் உள்ளது. நியூசிலாந்துத் தீவில் 1836-ஆம் ஆண்டளவில் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரி மகளிர் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஓர் உடைந்த வெண்கல மணியைக் கண்டார். அதில் தமிழெழுத்துகள்! தமிழ் முசுலிம் வணிகர் ஒருவரது கப்பல் மணி அது. இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. உடைந்த மணி, தமிழெழுத்தைத் தாங்கியிருந்தும், அவர்களுக்குச் சட்டியாகத்தான் பயன்பட்டது.

நம் ஊர்களிலும் விரிசல் கண்ட மணிகள் பல. அவற்றைப் பித்தளையிட்டுப் பற்றவைத்து மாட்டிவிடுகின்றனர். பழைய நாதம் அரிதாகவே திரும்புகிறது. உருக்கி மறுவார்ப்புச் செய்வதே நேர்வழி. ஆயினும் உருகும்போது வெள்ளீயத்தில் ஒரு பகுதி காற்றோடு கூடிக் கழிந்துவிடும். அதனை ஈடுசெய்யப் புதிய வெள்ளீயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில் பழைய உலோகமே உலையேறினும் பழைய ஓசை வராது. அவ்வேளையில் தாய்மார்கள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி மூசையில் இடுவதுண்டு. அந்த அன்புக்கு முன் நாம் தலைவணங்குகிறோம். பொன் சேர்ந்தால் ஓசை இனிக்கும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் இடமில்லை. பொன்னுக்கு ஓசை கொடுக்கக் கோலக்கா அம்மையே வரவேண்டியிருந்தது என்பதை நினைவுகூர்க. பளபளப்புக்காகச் சேகண்டிக்கு வண்ணம் பூசுவதும் நன்றன்று. அப்பூச்சு அதிர்வை உறிஞ்சும்.

சில பத்தாண்டுகளாக மின்விசையால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்ளும் எந்திரம் பல கோயில்களில் இடம்பிடித்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை என்பர், அது பொய்யன்று. உவச்சக்காணி போய்விட்டது, நாள் முழுதும் காத்திருந்து நான்கு வேளை சேகண்டி தட்டுவோர்க்கு நாம் கொடுப்பதைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ இயலாது. ஆயினும் அவ்வெந்திரத்தின் மெல்லிய தகடு எழுப்புவது இரைச்சலே. ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடையே சேகண்டியின் ஓசை தானே தேய்ந்து அடங்க இடம் வேண்டும். எந்திரம் அந்த இடத்தை விடுவதில்லை. தேவாரம் ஓதுவார் குரலும் அதனடியில் மூழ்கிவிடுகிறது. ஆள் தட்டுங்கால், திரை விலகும் வரை மெல்லத் தட்டித் தீபம் உயரும்போது விரைவார். குருக்களின் கையைப் பார்த்துத் தட்டும் கண் எந்திரத்துக்கு இல்லை.

தில்லைக் கூத்தப்பெருமானின் வலக்கையில் துடி உள்ளது. அத்துடியே படைத்தலைக் குறிக்கும் என்று உண்மைவிளக்கம் செய்த மனவாசகங்கடந்தார் உரைத்தார். அவர் கடலூரை அடுத்த திருவதிகையினர். துடியும் கையால் ஒலிப்பதே.

சேரமான் பெருமாள் நாயனார் கொடுங்கோளூரில் நாள்தோறும் பூசை முடிக்கும்போது கூத்தப்பெருமானின் சிலம்போசையைக் கேட்பார். ஒருநாள் அவ்வோசை தாழ்த்தது. பூசையில் பிழை நேர்ந்ததோ எனக் கலங்கி உடைவாளை உருவினார் சேரர்கோன். அப்போது ஓசை எழுந்தது. தில்லையில் சுந்தரர் பாடக் கேட்டுக்கொண்டிருந்தமையால் தாழ்த்தோம் என்று இறைவன் உணர்த்தினான். பாட்டுக்காகக் காத்து நின்ற ஓசை அது.

வருகின்ற திருவாதிரைக்குச் சேகண்டி உபயம் செய்ய எண்ணும் அன்பர், பட்டறைக்கு நேரிற் செல்க. தகட்டைக் கையிற் பிடித்துத் தட்டிப் பார்க்க வேண்டா. விரல் பட்ட இடத்தில் அதிர்வு மடியும். துளையிற் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, மரக்குணிலால் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே ஒருமுறை அறைந்து, ஓசை முற்றும் அடங்கும் வரை வாய் திறவாது எண்ணிக்கொண்டிருங்கள். எண்ணத் தொடங்கியவுடனே அது நின்றுவிட்டால், வெள்ளீயம் எவ்வளவு இட்டார்கள் என்று கேளுங்கள்.