முதுகுவலிக்குப் படுக்கை

முதுகு பிடித்துக்கொண்டவரைப் படுக்கையில் வாரக்கணக்கில் கிடத்திவைப்பது 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேற்கத்திய மருத்துவத்தின் வழக்கமாக இருந்தது. மெத்தைக்கு அடியில் பலகை போடுவார்கள்; சிலருக்குக் காலில் எடை கட்டியும் தொங்கவிடுவார்கள்.

இதன் பழைய தடயம் எகிப்தில் உண்டு. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடியில் கடைசி நோயாளி, 48-ஆவது ஆள், முதுகெலும்பில் சுளுக்குக் கண்டவர். அவரை மல்லாக்கக் கிடத்தச் சொல்லும் சுவடி, அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. எழுதியவர் ஏன் கையை எடுத்தார் என்பது அவரோடு போயிற்று. பிற்காலத்தில் ஒத்தடம், எண்ணெய்த் தேய்ப்பு, அட்டை விடுதல் என்று எத்தனையோ நடந்தாலும், பாடுபடுகிற சனம் பொதுவாக வலியோடே வேலைக்குப் போனது.

வலியைக் காயமாகப் பார்க்கும் கண் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. ரயில் விபத்தின் அதிர்ச்சி தண்டுவடத்தைக் கெடுக்கும் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866-இல் நூல் எழுதினார். நஷ்டஈட்டு வழக்குகள் அதைப் பற்றிக்கொண்டன. அதே காலத்தில் ஜான் ஹில்டன் லண்டனிலும், ஹியூ ஓவன் தாமஸ் லிவர்பூலிலும் ஓய்வே பெருமருந்து என்றார்கள். தாமஸ் கையாண்ட எலும்பு முறிவுக்கும் மூட்டுக் காசத்துக்கும் அது பொருந்தியது. சாதாரண முதுகுவலிக்கும் அதையே நீட்டியதில்தான் பிசகு.

1934-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவதே பலருக்குக் காலில் இறங்கும் வலிக்குக் காரணம் என்று காட்டினார்கள். ‘ஜவ்வு விலகல்’ என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். 1960-களில் சுவீடனின் நாக்கெம்சன் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்கார்ந்தால் கூடியது, படுத்தால் வெகுவாகக் குறைந்தது. படுக்கைக்கு அறிவியல் முத்திரையும் கிடைத்துவிட்டது. ஆனால் அழுத்தம் குறைந்தது என்பதாலேயே நோயாளி தேறுவார் என்று ஆகிவிடாது; அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

அப்படியொரு முக்கியமான சோதனை 1986-இல் வந்தது. டெக்சாஸில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் 203 நோயாளிகளில் ஒரு சாராருக்கு 2 நாள், மற்றவர்களுக்கு 7 நாள் ஓய்வு சொன்னார்கள். குணமாவதில் வேறுபாடு இல்லை. 2 நாள் ஓய்வெடுத்தவர்கள் வேலைக்குப் போகாத நாள்கள் மட்டும் 45 விழுக்காடு குறைவு. 1995-இல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், முடிந்த அளவு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே முதலில் தேறினார்கள், படுத்தவர்கள் கடைசி.

இடையில் ஸ்கேனும் ஒரு குட்டை உடைத்தது. 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓரிடத்தில் வட்டு புடைத்திருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகாது.

கழுத்திலும் கதை ஏறக்குறைய இதுதான். வாகனம் பின்னாலிருந்து இடித்து வரும் கழுத்துச் சுளுக்குக்கு வாரக்கணக்கில் பட்டை மாட்டிய வழக்கம் போய், மெல்ல அசைக்கச் சொல்கிறார்கள்.

இன்றைய மருத்துவத்தில் பெரும்பாலான முதுகுவலிக்கு நடமாட்டம், உடற்பயிற்சி, சூடு, தேவைப்பட்டால் சில நாள் வலி மாத்திரை. சிறுநீரோ மலமோ கட்டுக்குள் நில்லாமை, கால் பலமிழத்தல், காய்ச்சலோடு வலி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை கண்டால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும், முதலிரண்டுக்கும் அன்றைக்கே.