இரவிகுளம்: வேட்டைக்காடு காட்சித்தலமான வரலாறு

1. ஆய்வுப் பொருள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு வடக்கே, 97 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கிறது இரவிகுளம் தேசியப் பூங்கா. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள் அடங்கும். ஆனால் பயணிகளுக்குத் திறந்திருப்பது இராஜமலைச் சரிவின் ஒரு சிறு பகுதியே. ‘இவ்வளவு தூரம் வந்தும் இவ்வளவுதானா?’ என்ற முணுமுணுப்பு அங்கே வழக்கமாகக் கேட்பது. அந்தக் குறுகிய பாதையே இப்பூங்காவின் காட்சி வளத்தைக் காத்துவருகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. பொழுதுபோக்கே தந்த பாதுகாப்பு

சுற்றியுள்ள மலைகளைத் தேயிலை மூடியபோது இந்த மேட்டுநிலம் தப்பியதற்கு இயற்கைப் பற்று முதற்காரணம் அன்று, வேட்டை. கண்ணன் தேவன் தோட்டங்களின் ஆங்கிலேயத் துரைமார் இதைத் தங்கள் வேட்டைக்காடாக ஒதுக்கிவைத்தனர். விலங்கு அருகினால் விளையாட்டும் அருகும் என்பதால் கட்டுப்பாடுகளும் வகுத்தனர். காவலுக்கு அமர்ந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். மலையின் தடமறிந்த அவர்களைப் பற்றி நம் பயண நூல்கள் பேசுவது மிகக் குறைவு. 1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றி நிலத்தை மீட்டது. 1975-இல் சரணாலயமும் 1978-இல் தேசியப் பூங்காவும் பிறந்தன.

3. இன்றைய நடைமுறை

3.1 பாதை

சொந்த வண்டி மேலே போகாது. வனத்துறைப் பேருந்தில் ஏறி, இறங்கியபின் தார்ச்சாலையில் நடக்க வேண்டும். சாலையை விட்டுப் புல்லில் இறங்கத் தடை. ஆனைமுடி ஏற்றமும் பொதுப் பயணிகளுக்கு இல்லை. மலையேற்றப் பிரியர்களுக்கு இது ஏமாற்றம்தான். எனினும் புல்வெளியும் மடிப்புகளில் ஒடுங்கிய சோலைக்காடும் மாறிமாறி வரும் அந்நிலம் கால்மிதி தாங்காதது.

3.2 வரையாடு

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்வது. அதன் மிகப் பெரிய கூட்டம் இங்குள்ளது. பாறை முகடுகளில் மிரண்டோடும் இயல்புடைய இவ்விலங்கு, இராஜமலையில் சாலையோரமே மேய்கிறது. மனிதர் எங்கே நடப்பார்கள் என்பது அதற்குப் பழகிவிட்டது. இந்த நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு: தின்பண்டம் நீட்டும் கை ஒன்று போதும், காட்டு விலங்கு இரவலனாகிவிடும். குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், பூங்காவை மூடிவிடுகிறார்கள்.

3.3 குறிஞ்சி

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. 2018 ஆகஸ்டு வெள்ளம் மூணாறின் சாலைகளைச் சிதைக்க, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஆகவே இன்றைய பயணப் பெருக்கத்தின் முழுப் பளுவை ஒரு குறிஞ்சிப் பருவம் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்த பூப்பு 2030-இல். நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற வரம்பை அதற்கு முன்பே இறுக்குவது நல்லது. மொட்டுவிட்ட பிறகு எந்த அரசும் கூட்டத்தைத் திருப்பி அனுப்பத் துணியாது.