வினைச்சொல் வரும்வரை

கோவளக் கடற்கரைக்கு ஐரோப்பியர் பலர் வந்து போயிருக்கின்றனர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்ட் வணிகக் குழுவினர் இங்கே ஒரு பண்டகசாலையை அமைத்திருந்தனர். வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் அக்குழுவிற்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். பிற வணிக நாடுகளின் எதிர்ப்பால் 1727இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. வணிகக் கணக்கோடு அவர்கள் வரலாறும் முடிந்தது.

இதே கடற்கரையில், தெற்கே தரங்கம்பாடியில், 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் வந்திறங்கிய ஜெர்மானியர் ஒருவரின் வரலாறு வேறு விதமானது. லூத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கு ஐயரே அவர். டென்மார்க் அரசர் அனுப்ப வந்த அவர், தமிழாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்தார். சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். கத்தோலிக்கக் குருக்கள் முன்னரே எழுதியிருந்த தமிழ் நூல்களையும் தேடிக் கற்றார். அவர் இலத்தீனில் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது.

ஜெர்மானியர் அன்று தமிழ் கற்றனர். நம்மவர் இன்று ஜெர்மன் கற்கின்றனர். 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடக்க கால மாணவர்கள் பொறியியலோடு அம்மொழியையும் பயின்றனர். இன்று மேற்படிப்பையும் செவிலியர் பணியையும் நாடி நம் பங்குகளின் இளைஞர் பலர் அதைக் கற்கின்றனர். இலக்கணத்தைக் கண்டு அஞ்சிப் பாதியில் விடுவோரும் உண்டு. அவர்கள் அஞ்சுமிடத்தில்தான் தமிழ் அவர்களுக்குத் துணை நிற்கிறது என்பதே நாம் சொல்ல விழைவது.

ஜெர்மன் மொழியின் தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். "நான் போகிறேன் இன்று கோவளத்திற்கு" என்பது அதன் அமைப்பு. ஆனால் "ஏனெனில்" என்று பொருள்படும் 'வைல்' என்னும் இணைப்புச் சொல் முன்னே வந்துவிட்டால், வினை இறுதிக்கு நகர்ந்துவிடும்: "ஏனெனில் நான் இன்று கோவளத்திற்குப் போகிறேன்." ஆங்கிலம் வழியே ஜெர்மனை அணுகுவோருக்கு இது புதிராகத் தோன்றும். தமிழருக்கோ வினை இறுதியில் வருவதே இயல்பு.

பல்கலைக்கழக நூல்களின் நடையில் இவ்வொற்றுமை இன்னும் நெருங்கி வருகிறது. "நேற்று வந்த கடிதம்" என நாம் பெயரெச்சத்தால் கூறுவதை அவர்களும் அதே வரிசையில் "டெர் கெஸ்டெர்ன் ஆன்கெகொம்மெனெ ப்ரீஃப்" என எழுதுகின்றனர். முதற்சொல் பெயரைச் சுட்டும் சார்புச் சொல். எஞ்சியவை நேற்று, வந்த, கடிதம் என்பனவே. பல அடைகளைச் சுமந்து நீளும் இத்தகைய தொடரில் நம் மாணவர் பெயர்ச்சொல்லைப் பொறுமையோடு எதிர்நோக்கத் தெரிந்தவர்.

வேறுபாடுகளும் உண்டு. நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு நான்கு. நாம் உருபைப் பெயரின் பின்னே சேர்க்கிறோம். அவர்களோ பெரும்பாலும் முன்னே நிற்கும் சார்புச் சொல்லை 'டெர், டென், டெம், டெஸ்' என மாற்றுகின்றனர். நம் பால் பகுப்பு பொருளை நோக்கியது. அவர்களுடையது சொல்லை நோக்கியது. ஆகவேதான் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஹென்' அங்கே அஃறிணை ஒருமை போன்ற பாலில் அடங்குகிறது. இவற்றை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை.

இரு மொழிகளும் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. தமிழில் "வருவேன்" என்பதா "வரமாட்டேன்" என்பதா என்பது வாக்கியம் முடியும்போதே தெளிவாகும். ஜெர்மனிலும் 'நிஹ்ட்' என்னும் எதிர்மறைச் சொல் பலவிடத்து இறுதியில் வந்து பொருளையே மாற்றிவிடும். பாதி கேட்டுத் தீர்ப்பிடுவோர்க்கு இம்மொழிகளில் இடமில்லை.

தரங்கம்பாடியின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. நம் வீரமாமுனிவர் லூத்தரன் சபையாரைக் கடுமையாக மறுத்து 'வேதவிளக்கம்' எழுதியவர். அவர்களும் அவரை எதிர்த்தவர்களே. ஆயினும் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது தரங்கம்பாடியிலிருந்த அந்த லூத்தரன் அச்சகமே. சமயத்தில் மாறுபட்டோர் இலக்கணத்தில் ஒருவரிடம் ஒருவர் கற்றனர். பிறர் மொழியைக் கற்பவர் முதலில் பிறர் பேச்சை முடியும்வரை கேட்கப் பழகுகிறார். அயல்நாடு செல்லும் நம் இளைஞர் சான்றிதழோடு இப்பழக்கத்தையும் பெற்றுச் செல்வாராக.