வடபழனி காட்டிய ஆட்டம்

உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு நடனம் பார்க்கவும் அதைச் சீர்தூக்கிச் சொல்லவும் கற்றுத்தர வேண்டும் என்று பேச்செடுத்தால், மயிலாப்பூர் சபாக்களும் திருவான்மியூர் கலாக்ஷேத்திராவும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பாடம் வடபழனியில் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். சபா டிக்கெட் வாங்கிப் பரதம் பார்த்தவர்கள் என்றுமே சிறு கூட்டம்தான். மதுரையிலும் சேலத்திலும் தேனிப் பக்கத்து டூரிங் கொட்டகையிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடனத்தை அறிமுகப்படுத்தியது சினிமா. அந்த ஆட்டத்தைப் படம்பிடித்து அனுப்பிய இடங்களில், வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டிய ஏவி.எம்., விஜயா-வாஹினி ஸ்டூடியோக்கள் முன்வரிசையில் நின்றன. நம் கண் பழகிய விதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் விமர்சனம் பழக முடியாது.

நடனத்தைப் பார்ப்பதும் ஒரு பயிற்சி என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். அவள் ஆட்டத்துக்கு வருமுன் இளங்கோ ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக விளக்குகிறார். மேடைக்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்கிறார். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததைக்கூட விடவில்லை. எதை எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்வையாளருக்கு வரிசைப்படுத்தித் தந்த முறை இது. பரதரின் நாட்டிய சாஸ்திரமோ நடுவர்களாகப் பத்துப் பேரைச் சொல்கிறது. அவர்களில் நடனக்காரரும் பாடகரும் இருப்பது இயல்பு. ஆனால் இலக்கணம் கற்றவர், ஓவியர், வில்லாளி ஆகியோரும் இருக்கிறார்கள். வில்லாளி ஏன்? உடலை நிறுத்தும் வகையை அறிந்தவர் அவர். தனக்குத் தெரிந்த துறையிலிருந்து ஒருவர் ஆட்டத்தை எடைபோடலாம் என்ற துணிவு அந்த நூலுக்கு இருந்தது.

சென்னையின் பத்திரிகை உலகில் நடனம் பெரும் விவாதமானபோது கேள்வியே வேறாக இருந்தது. 1932 இறுதியில் சீர்திருத்தவாதி முத்துலட்சுமி ரெட்டியும் ஆட்டத்துக்காக வாதாடிய இ. கிருஷ்ணய்யரும் நாளிதழ்களில் மோதிக்கொண்டது, தேவதாசிகளின் சதிராட்டம் பொதுமேடையில் இருக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி. யார் ஆடலாம் என்ற வழக்கு, எப்படி ஆடினார்கள் என்ற கேள்வியை அமுக்கிவிட்டது. பரம்பரையாக ஆடியும் ஆட்டுவித்தும் வந்த குடும்பங்களின் நுட்பமான மதிப்பீட்டு மொழி, அவர்கள் மேடையைவிட்டு விலக்கப்பட்டபோது பெருமளவு நம் கையைவிட்டுப் போனது. அந்த இழப்பை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. அதே பத்தாண்டில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ எழுதிய கல்கி, கச்சேரியையும் ஆட்டத்தையும் பற்றிச் சாதாரண வாசகனோடு சாதாரணத் தமிழில் பேசினார். கல்கி நடனக்காரர் அல்லர். கண்டதைச் சொல்லவும் காரணம் காட்டவும் தெரிந்த எழுத்தாளர்.

இனி சினிமாவுக்கு வருவோம். 1947-ல் சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு வெளிவந்த ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா பாரதி பாடல்களுக்கு ஆடினார். படம் காரைக்குடியில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஏவி.எம். சென்னைக்கு வந்துவிட்டது. 1949-ல் ‘வாழ்க்கை’ வைஜயந்திமாலாவை அறிமுகப்படுத்தியது. விஜயா-வாஹினியின் ‘மாயா பஜார்’ (1957) நடனங்களை அமைத்த பசுமர்த்தி கிருஷ்ணமூர்த்தி கூச்சிப்பூடி மரபினர். அதே மரபில் வந்த வெம்பட்டி சின்ன சத்யம் சினிமாவில் தம் அண்ணனுக்கு உதவியாளராக இருந்துவிட்டு, 1963-ல் சென்னையில் கூச்சிப்பூடி ஆர்ட் அகாடமியை நிறுவினார். சபாவுக்கு ஒரு கூட்டம், ஸ்டூடியோவுக்கு வேறொரு கூட்டம் என்று பிரித்துப் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பல ஆசிரியர்கள் இரண்டு இடத்திலும் இருந்தார்கள்.

ஆனால் ஆட்டம் இடம் மாறியபோது பார்வையும் மாறியது. மேடையில் வர்ணம் ஆடுபவர் அரைமண்டியில் அமர்ந்து தீர்மானத்தை முடிக்கும்வரை முழு உடலும் நம் முன் இருக்கிறது. நட்டுவாங்கத் தாளம் ஆட்டக்காரரை விடாமல் தொடர்கிறது. இடுப்பு சற்றே எழுந்தாலும் தெரியும். ஸ்டூடியோவில் பாட்டு முன்பே பதிவாகியிருக்கும். அது ஒலிக்க ஒலிக்கச் சில விநாடிகளுக்கான அசைவு மட்டும் எடுக்கப்படும், சரிவராவிட்டால் மறுபடியும் டேக். கால் அடவு போடும் நேரத்தில் கேமரா முகத்துக்குப் போகும், முகம் பேசும் நேரத்தில் சலங்கைக்கு இறங்கும். கை போன வழியில் கண்ணும், கண் போன வழியில் மனமும் செல்ல வேண்டும் என்பது அபிநய தர்ப்பணம் என்ற நடன நூல் காட்டும் நெறி. கேமரா அந்தச் சங்கிலியை அறுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறது. பதினான்கு வயது மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை. ஒரு பழைய படத்தின் நடனத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ஷாட் மாறும் இடங்களில் எதைக் காட்டினார்கள், எதை விட்டார்கள் என்று குறிக்கச் சொல்லலாம். பிறகு ஒரு மேடை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனால், தன் கண்ணைத் தானே நடத்த வேண்டும் என்பது அவருக்குப் புரியும்.

சினிமா ஆட்டம் கலப்படம், அதில் தொடங்கினால் ரசனை கெடும் என்பார்கள் சிலர். கலப்பு இருப்பது உண்மைதான். ஆனால் மாணவரின் கண் ஏற்கெனவே அங்கேதான் பழகியிருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு வேறெங்கோ தொடங்கினால், மேடையைப் பார்க்கும்போதும் அவர் குளோசப்பையே தேடிக்கொண்டிருப்பார். ஆடத் தெரியாத பிள்ளைக்கு விமர்சிக்க என்ன தகுதி என்ற கேள்விக்கு, நாட்டிய சாஸ்திரத்து வில்லாளியும் கல்கியும் பதில். கபடி ஆடும் மாணவர் கால் ஊன்றுவதைப் பார்க்கட்டும். மிருதங்கம் பயிலும் மாணவி காலப்பிரமாணத்தைக் கேட்கட்டும். விமர்சனம் இளம் கலைஞரின் மனத்தைப் புண்படுத்தும் என்ற கவலைதான் கனமானது. கண்டதைச் சொல்வதில் தொடங்கி, அமைப்பை ஆராய்ந்து, பொருள் கூறி, கடைசியில்தான் தீர்ப்பு என்று அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த வரிசை இங்கே உதவும். முதல் மூன்றையும் செய்துவிட்டு வருபவரின் தீர்ப்பில் வன்மம் தங்க இடமிருக்காது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. எத்தனையோ பிள்ளைகளை அது மேடையேற்றியிருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஆடுபவருக்கு ஒத்திகை தருகிறோம், எதிரே உட்காரும் நூறு பேருக்கு எதுவும் தருவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த மதிப்பீடு கைதட்டலும் நடுவரின் மதிப்பெண்ணும்தான். விழாவுக்கு முன் ஒரு வாரம், பார்ப்பவர்களுக்கும் வகுப்பு வைக்கலாம். வடபழனியில் வாஹினி நின்ற மனையில் இன்று மருத்துவமனையும் மாலும் இருந்தாலும், அங்கே எடுத்த படங்கள் ஒவ்வொரு பிள்ளையின் கைபேசிக்கும் எட்டுகின்றன. பாடப்பொருள் இலவசமாகக் கிடக்கிறது, சொல்லித்தர ஆசிரியர் முன்வந்தால் போதும். நல்ல ஆட்டத்தை அடையாளம் காணும் கூட்டம் இருந்தால்தான், நன்றாக ஆடுபவருக்கு மேலும் நன்றாக ஆட வேண்டிய அவசியம் பிறக்கும்.