ஊருக்குத் தெரியாமல் எங்கே காட்டுவது? டெல்டா மாவட்டங்களில் குடி, போதைக்குச் சிகிச்சை

"குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் இடம் நம் பக்கத்தில் இருக்கிறதா? ஊருக்குத் தெரியாமல் பார்க்க முடியுமா?" ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை ஆனாலும், கடலோரத்து அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை ஆனாலும், இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தேதான் வரும். கேட்பவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. குடிப்பவர் கேட்பது அபூர்வம். முதல் கேள்விக்கு விடை: இருக்கிறது, அதுவும் இலவசமாக. இரண்டாவது கேள்விக்கும் விடை உண்டு. ஆனால் அந்த இரண்டாவது கேள்விதான் பல வீடுகளில் ஐந்து வருடம், பத்து வருடம் என்று காலத்தைத் தின்றுவிடுகிறது.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019-ல் வெளியானது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றும், மருத்துவமனையில் தங்கிப் பார்த்தவர் 180 பேருக்கு ஒருவர்தான் என்றும் அது சொன்னது. நம் ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக இருந்தால் நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை. குடி ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. அதனாலேயே "நம் தெருவில் அது இல்லை" என்று சொல்லிக்கொள்வதும் பழகிவிட்டது. டாஸ்மாக் கடை ஊருக்குள் வராமல் தடுத்துவிட்டோம் என்று பெருமைப்படலாம். பக்கத்து ஊர்க் கடை பைக்கில் பத்து நிமிடம்தான்.

இடங்களைச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பல வருடமாகத் தினமும் குடிப்பவர் மருத்துவர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் கடந்ததிலிருந்து கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலர் நிலை தடுமாறிப் பிதற்றுவார்கள். உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார்கள். சுவரில் ஆட்கள் நிற்பதாகச் சொல்வார்கள். மகனையே அடையாளம் தெரியாமல் அடிக்கக் கை ஓங்குவார்கள். காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தால் மரணம் வரை போகும். மருத்துவமனையில் இதைச் சில நாள் மாத்திரையிலும் ஊசியிலும் கட்டுப்படுத்திவிடலாம். வீட்டுக்குள் கதவைச் சாத்தி வைத்தால் முடியாது.

ரமலான் பிறை தெரிந்த இரவில் "இன்றோடு விட்டேன்" என்று தௌபா செய்து மறுநாள் நோன்பு வைப்பவர்கள் உண்டு. அந்த நிய்யத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மூன்றாம் நோன்பு அன்று அவர் நடுங்கி விழுவதும், தண்ணீர் கூட இல்லாமல் வலிப்பு வருவதும் நடக்கக்கூடியவை. ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்தி, உடம்பு தேறியபின் நோன்புக்குள் நுழைவதுதான் பாதுகாப்பு. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களா செய்யும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. இவருடைய நிலைக்கு அது பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்வதை வைத்து உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷஅபான் வரை குடிக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய நாள் இன்றுதான்.

மேலே சொன்ன பிதற்றலைப் பார்த்து "ஜின் பிடித்துவிட்டது" என்று நாகூருக்கும் ஏர்வாடிக்கும் கூட்டிப்போகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பி ஓட முடியாமல் கருகினார்கள். அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பின்னாளில் குஜராத்தின் மீரா தாதர் தர்காவைப் போல ஏர்வாடியிலும் 'தவா துஆ' என்ற திட்டம் வந்தது: துஆ ஒரு பக்கம், அதே வளாகத்தில் மனநல மருத்துவரின் மருந்து இன்னொரு பக்கம். துஆ செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வலிப்பு வந்தவரை 108-ல் ஏற்றிவிட்டு துஆ செய்யலாம்.

மயக்கம் என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப் போடும்போதும் உண்மையை மறைக்காதீர்கள். தொடர்ந்து குடிப்பவர் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது மூளையைப் பாதிக்கலாம். கால் முறிந்து ஆபரேஷனுக்குப் போகிறவர் குடிப்பவர் என்பதையும் மருத்துவரிடம் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிட வேண்டும்.

இனி எங்கே போவது என்பதைச் சொல்கிறோம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் இந்தப் பகுதிக்கு முதல் வாசல். ஊருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போய்விட்டுத் திரும்பாதீர்கள். புதிய பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். திருவாரூரிலும், 2022 முதல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி போன்ற அரசு மருத்துவமனைகளில், மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். இந்தத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் பக்கத்துத் திருச்சியும் ஒன்று. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. உங்களுக்கு அருகில் இருப்பது எது என்பதை மருத்துவமனையிலேயே கேட்கலாம்.

காலை ஓ.பி. நேரத்தில் போங்கள். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். கடைசியாகக் குடித்தது எப்போது, ஒரு நாளைக்கு எவ்வளவு, இதற்கு முன் வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் கேட்பார்கள். அளவைக் குறைத்துச் சொல்வது குடிப்பவரின் வழக்கம். கூட வந்தவர் சரியாகச் சொல்ல வேண்டும். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்து, தேவைப்பட்டால் சில நாள் படுக்கவைப்பார்கள். துணைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டியிருக்கும். பல வீடுகளில் மாத்திரைச் செலவு தடையாக இருப்பதில்லை. அந்தத் துணை ஆள் கிடைக்காமல்தான் சிகிச்சை நின்றுபோகிறது.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்துக்கு வருவோம். மனநலப் பிரிவு வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் குடிக்காக வந்தவர்கள் இல்லை. தூக்கம் வராதவர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் சோர்ந்தவர், நினைவு தப்பும் பெரியவர் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் நோய் என்றே சொல்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது நோயாளியின் உரிமை என்றும் சொல்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் மாவட்டம் தாண்டிப் போங்கள். அரசு மருத்துவமனையில் எந்த ஊர் ஆள் என்று பார்த்துத் திருப்பி அனுப்புவதில்லை. முத்துப்பேட்டைக்காரர் தஞ்சாவூருக்கும், அய்யம்பேட்டைக்காரர் திருச்சிக்கும் போகலாம். வாசலுக்கு வெளியே வரவே தயங்கும் பெண்கள் முதலில் போனில் பேசலாம். 14416 என்பது டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 14446 போதை மீட்புக்கான தேசிய எண். மத்திய அரசின் மானியத்தில் இயங்கும் மறுவாழ்வு மையங்களின் முகவரியை இதில் கேட்டுப் பெறலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

தனியார் மையங்களில் நல்லவையும் உண்டு, பயப்பட வேண்டியவையும் உண்டு. "நீங்கள் வர வேண்டாம், நாங்களே வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம்" என்று சொல்கிற இடம் என்றால் போனை வைத்துவிடுங்கள். மனநலச் சட்டப்படி பதிவு பெற்ற இடமா, மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் நர்ஸ் இருக்கிறாரா, நாம் நினைத்தபோது பார்க்க விடுவார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கேட்பது, மூன்று மாதம் வீட்டாரே வரக்கூடாது என்பது, அடித்தால்தான் திருந்துவான் என்று பேசுவது, இவையெல்லாம் திரும்பி வருவதற்கான அடையாளங்கள். சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விற்கும் பொடியும் சொட்டு மருந்தும். டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையில் இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். சிலருக்கு இதயமே பாதிக்கும். அதனால்தான் நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே மருத்துவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். சோற்றில் ரகசியமாகக் கலக்கும் மனைவி தன்னை அறியாமல் கணவரின் உயிரோடு விளையாடுகிறார்.

இளைஞர்கள் விஷயம் வேறு. இங்கே பாட்டிலை விட கஞ்சாவும், உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப்பும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வதும்தான் அத்தா, அம்மாவைத் திகைக்க வைக்கின்றன. டப்பென்டடால் போன்ற வலி மாத்திரைகள் அபின் வகையைச் சேர்ந்தவை. இதற்கு புப்ரெனார்ஃபின் போன்ற மருந்தோடு முறையான சிகிச்சை இருக்கிறது. ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பரிசோதனைகளும் அவசியம். அரசு மருத்துவமனையில் அவை இலவசம். "ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்குமா?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். சிகிச்சைக்கு வருபவனைப் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் வேலை இல்லை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதாகவோ, சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்குக்கு ஆளான அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். விற்றவனுக்கு இது பொருந்தாது. வழக்கு ஏற்கெனவே இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

"வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும்" என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் வைத்தியம். வேண்டாம். இங்கே சிகிச்சை முடிக்காமல் விமானம் ஏறுகிறவன் அங்கே தனி அறையில் தனியாகத் தவிப்பான். டிரமடால் போன்ற மாத்திரைகள் பையில் இருந்தாலே ஐக்கிய அரபு அமீரகத்தில் சிறைக்குப் போக நேரும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. மாதாமாதம் மருந்து வாங்கப் போக வேண்டும். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் ஆசையைக் குறைக்கும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் பழைய கூட்டாளியைத் தடுக்காது. மீண்டும் ஒரு முறை குடித்துவிட்டால் "எல்லாம் வீண்" என்று கைகழுவாமல் அடுத்த நாளே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை ஏறினால் யாரும் சிகிச்சையை நிறுத்துவதில்லை.

இங்கே ஊர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் டெல்டாவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னை டி.டி.கே. மருத்துவமனையை 1980-ல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்கு இழந்தவர். நோயாளிகள் சென்னைக்கு வரட்டும் என்று காத்திராமல், அன்றைய பழைய தஞ்சை மாவட்டத்தில், குடவாசல் பக்கம் மஞ்சக்குடி கிராமத்துக்கு அவருடைய குழு வந்தது. பதினைந்து நாள் முகாம். மருத்துவரும் ஆலோசகரும் அங்கேயே தங்கினார்கள். இடத்துக்கும் மற்ற ஏற்பாடுகளுக்கும் உள்ளூர்க்காரர்கள் தோள் கொடுத்தார்கள். குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். 'மஞ்சக்குடி அனுபவம்' என்ற பெயரில் அவர் எழுதிய கட்டுரை 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச மருத்துவ இதழில் வந்தது. நம்மில் பலர் அந்த ஊர் வழியாகவே பஸ்ஸில் போயிருப்போம், இது தெரிந்திருக்காது.

மஞ்சக்குடியில் யாரும் ஒளிந்துகொண்டு சிகிச்சை பெறவில்லை. ஊரே பார்த்தது; ஊரே துணை நின்றது. ஒரு ஜமாஅத் நினைத்தால் இதில் பாதியையாவது செய்யலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்குக் கடிதம் கொடுத்துப் பள்ளிவாசல் மண்டபத்தில் "தூக்கமின்மை, மன அழுத்தம், சர்க்கரை" என்று பொதுவான பெயரிலேயே முகாம் நடத்தலாம். ஜும்ஆ பயானில் குடிப்பவனைச் சபிக்கும் ஐந்து நிமிடத்தோடு 14416 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்கள் 1989-ல் 'மில்லத்தி இஸ்லாமி' என்று குடியிலிருந்து மீண்டவர்களுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குடியை விட்டு இரண்டு வருடம் ஆனவர் ஒருவர் நேற்று விட்டவரோடு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். குடிக்கத் தோன்றும் நேரம் அதுதான்.

கல்யாணப் பேச்சின்போது "அவன் முன்னாடி குடிச்சவன்" என்று சொல்லிக் கெடுக்கும் வாய்களை முத்தவல்லி கூப்பிட்டுக் கண்டிக்கலாம். பைத்துல்மால் பொறுப்பாளர்கள் கேட்டால் சொல்ல எங்களிடம் ஒரு சிறிய கணக்கும் இருக்கிறது: மருந்து இலவசம், படுக்கை இலவசம். ஒரு குடும்பத்துக்கு வேண்டியது மாதம் ஒரு முறை இரண்டு பேருக்குத் தஞ்சாவூர் போய்வர பஸ் காசும், அன்றைக்கு இழந்த கூலியும்தான்.